கிண்ணத்தை எறிந்தவரும் கையால் குடித்தவனும்

சென்ற மாதம் ஒரு பழைய படத்தை ஏ3 தாளில் அச்செடுப்பதற்காக, திருகோணமலை நகரத்தில் நான் வழமையாகப் போகும் போட்டோப் பிரதிக் கடைக்குச் சென்றிருந்தேன். கணினித் திரையில் படம் விரிந்ததும், கடையில் வேலை செய்யும் பையன் தாடியும் போர்வையுமாக நின்ற முதியவரைச் சுட்டிக்காட்டி, “சேர், இது அகத்தியரோ?” என்று கேட்டான். கங்குவேலியில் அகத்தியர் தாபனம் இருக்கும் மாவட்டத்துப் பிள்ளைக்குத் தாடி வைத்த பெரியவர் எவரும் அகத்தியராகத் தெரிவதில் வியப்பில்லை. “இல்லைத் தம்பி, இவர் கிரேக்க நாட்டு ஆள், பெயர் டயோஜெனிஸ்” என்றேன். “அப்ப இதில தண்ணி குடிக்கிற ஆள் ஆர்?” என்று அடுத்த கேள்வி வந்தது. அந்த ஆளுக்குப் பெயர் இல்லை என்று சொல்லிவிட்டு, பின்னால் காத்து நின்றவர்களுக்கு வழிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பின்னரும் அந்தப் பெயரில்லாதவனைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் படம், சல்வடோர் ரோசா என்னும் இத்தாலிய ஓவியர் 1661, 1662ஆம் ஆண்டுகளை ஒட்டிச் செய்த ஓர் அச்சோவியம். ஐரோப்பியக் கலை வரலாற்றில் பரோக் என்று அழைக்கப்படும் காலத்துக்கு உரியது. ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர் உயரமும் 27 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட, நெட்டுக்கு நிற்கும் படம் அது. மேற்பகுதியை மரங்கள் எடுத்துக்கொள்ள, மனிதர்கள் கீழே கூடியிருக்கிறார்கள். ஓர் இளைஞன் ஓடை நீருக்குக் குனிந்து, கையால் நீரை அள்ளிக் குடிக்கிறான். டயோஜெனிஸ் அவனைப் பார்த்தபடி நிற்கிறார். அவருடன் நிற்கும் ஆட்கள் நடப்பதைக் கவனிக்கிறார்கள். அவர் தமது கிண்ணத்தைக் கைவிடும் கணம் அது. ரோசா இதே காட்சியை 1650களின் தொடக்கத்தில் மூன்று மீற்றருக்கு மேல் உயரமான வண்ண ஓவியமாகவும் தீட்டியிருந்தார். அது இப்பொழுது கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என்றாலும் எனக்கு அந்தப் பெரிய ஓவியத்தைவிட, மையும் தாளும் மட்டுமே கொண்ட இந்தச் சிறிய படமே நெருக்கமாகத் தெரிகிறது. சித்திரப் பாடம் படிப்பிக்கும் ஒருவனுக்குக் கோட்டின் மேல் இருக்கும் பற்று என்று அதை எடுத்துக்கொள்ளலாம்.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டயோஜெனிஸ், கருங்கடற்கரையில் உள்ள சினோப்பே நகரத்தில் பிறந்த மெய்யியலாளர். நாணயத்தைச் சிதைத்த விவகாரம் ஒன்றில் ஊரைவிட்டு நீங்கி ஏதென்சுக்கு வந்தவர் என்பது பழைய மரபு. அங்கே அவர் மரப்பீப்பாவுக்குள் வாழ்ந்தார் என்று பல படங்கள் காட்டினாலும், அது உண்மையில் தானியமும் எண்ணெயும் சேமிக்கும் பெரிய மண்தாழி. நம் முன்னோர் தானியம் கொட்டி வைத்த குதிர் ஒன்றை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். ஒரு போர்வை, ஒரு தடி, ஒரு பை, அந்தப் பைக்குள் ஒரு கிண்ணம் என்பவையே அவருடைய உடைமைகள். அவர் இறந்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் பிந்தி, கி.பி. மூன்றாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த டயோஜெனிஸ் லேர்ட்டியஸ் என்பவர், மெய்யியலாளர்களின் வாழ்க்கைகளைத் தொகுத்தபோது இந்தச் சம்பவத்தை ஓரிரு வரிகளில் எழுதி வைத்தார். சிறுவன் ஒருவன் கைகளால் நீர் அருந்துவதைக் கண்ட டயோஜெனிஸ், பையிலிருந்த கிண்ணத்தை எடுத்து எறிந்துவிட்டு, எளிமையாக வாழ்வதில் ஒரு பிள்ளை என்னை வென்றுவிட்டது என்றாராம்.

அதே இடத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஓவியர்கள் அதை அதிகம் தொடவில்லை. தட்டை உடைத்துவிட்ட வேறொரு பிள்ளை, பாண் துண்டைக் குழியாக்கி அதில் பருப்பை ஏந்திச் சாப்பிடுவதைக் கண்டு, அவர் சாப்பாட்டுக் கோப்பையையும் எறிந்துவிட்டாராம். இதை முதன்முதலாக வாசித்தபோது நான் சிரித்துவிட்டேன். பாணைப் பிய்த்துப் பருப்புக் கறியை அள்ளிச் சாப்பிடுவது கிரேக்கத் துறவிக்கு ஞானமாக இருந்திருக்கிறது. நமக்கு அது காலைச் சாப்பாடு. அந்தக் கிரேக்கப் பருப்பும் நாம் கடையில் வாங்கும் மைசூர்ப் பருப்பும் தாவரவியலில் ஒரே இனம் என்பதையும், பாண் என்ற சொல் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுப்போன சொல் என்பதையும் ஒரு புறக்குறிப்பாகச் சொல்லிக்கொண்டு மேலே செல்கிறேன்.

ஒரு படத்தை உண்மையில் பார்க்க வேண்டும் என்றால் அதைப் பார்த்து வரைய வேண்டும் என்று மாணவர்களுக்கு எப்பொழுதும் சொல்லி வருகிறேன். அச்செடுத்த தாளைப் பலகையில் குத்திவிட்டு, நானும் மைப்பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். ஏ3 தாளின் உயரம் 42 சென்ரிமீற்றர் என்பதால், படம் சற்றுச் சுருங்கியிருந்தாலும், ரோசாவின் கை நகர்ந்த தூரத்தையே ஏறத்தாழ என் கையும் நகர வேண்டியிருந்தது. அந்தக் காலத்து அமில அச்சோவியத்தைச் செய்யும் முறையை இங்கே சொல்லாவிட்டால் அந்தக் கோடுகளின் துள்ளல் விளங்காது. மெருகேற்றிய செப்புத் தகட்டின் மேல் மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சைப் பூசிக்கொள்வார்கள். ஓவியர் அந்தப் பூச்சின் மேல் ஊசியால் வரைவார். செம்பைச் செதுக்க வேண்டியதில்லை, பூச்சைக் கீறினால் போதும் என்பதால், உளி பிடிப்பவரின் கைக்கு இல்லாத விடுதலை அந்தக் கைக்கு உண்டு. பிறகு தகட்டை அமிலத்துக்குள் இறக்குவார்கள். பூச்சு நீங்கிய கோடுகளில் மட்டும் அமிலம் செம்பைத் தின்னும். அதிக நேரம் தின்ன விட்ட கோடு கருத்து ஆழமாக விழும், விரைவில் மீட்ட கோடு மென்மையாக நிற்கும். பூச்சைக் கழுவி, பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரமாக்கிய தாளை அதன் மேல் வைத்து உருளைகளுக்கு இடையே அழுத்தி எடுத்தால், வரைந்த படம் இடம் வலமாக மாறித் தாளில் வந்திருக்கும். அந்த அமிலத்துக்கும் அந்தக் கலைக்கும் இத்தாலிய மொழியில் ஒரே பெயர்தான். அதைத் தமிழில் சொன்னால் ‘வலிய நீர்’ என்று வரும். ஓடை நீரை அள்ளிக் குடிப்பவனின் படம் வலிய நீரால் அரிக்கப்பட்டு உருவானது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

மரங்களையும் போர்வை மடிப்புகளையும் வரைவதில் பெரிய சிக்கல் இருக்கவில்லை. ரோசா நிழலை நெருக்கமான வலைப்பின்னலாக அடைக்காமல், ஒரே சாய்வில் ஓடும் குறுகிய கோடுகளால் விரைந்து எழுதுகிறவர்; அந்த வேகம் பிடிபட்டால் மரப்பட்டை தானாக வரும். என்னை மூன்று மாலைகள் இருத்தி வைத்தது அந்த இளைஞனின் கை. நான் வரைந்த கையில் நீர் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் அது பிச்சை கேட்டு நீட்டிய கையாகவோ, எதையோ தேடித் தரையைத் தடவும் கையாகவோ ஆகிவிட்டது. ஈற்றில், மருமகனைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று, வாளியில் அள்ளிய நீரைக் கையில் ஊற்றிக் குடிக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன்.

பார்த்த பிறகுதான் பிழை எங்கே என்பது விளங்கியது. கையில் இருக்கும் நீர் வாய்க்கு வருவதில்லை. வாய்தான் கைக்குப் போகிறது. கை ஓரளவுக்கு மேல் உயர்ந்தால் நீர் மணிக்கட்டு வழியாக இறங்கி முழங்கையால் சொட்டிவிடும் என்பதால், கழுத்து, தோள், முதுகு என உடம்பு முழுவதும் அந்தச் சிறு குழியை நோக்கி வளைகிறது. விரல்கள் எவ்வளவு இறுகியிருந்தாலும் சுண்டுவிரல் பக்கமாக நீர் கசிகிறது. ஆகவே குடிப்பவன் அவசரப்பட வேண்டியிருக்கிறது, அந்த அவசரத்தில் கண்ணை மூடிக்கொள்கிறான். அப்படிக் குவிந்த கைக்குத் தமிழில் குடங்கை என்று ஓர் அழகான பெயர் உண்டு. அந்தச் சொல்லில் குடம் ஒலித்தாலும், குடத்தால் முடிகிற இரண்டு காரியங்கள் குடங்கையால் முடியாது என்பதை அன்று கிணற்றடியில் கண்டேன். அதைக் கீழே வைக்க முடியாது. அதில் எடுத்த நீரை நாலு அடி தள்ளி இருப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கவும் முடியாது. மருமகன் எனக்கும் கொஞ்சம் கொண்டுவர முயன்று, வெறும் ஈரக்கையை நீட்டிச் சிரித்தான்.

ரோசா இந்தக் கதைக்குச் சேர்த்துக்கொண்ட ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். லேர்ட்டியஸ் எழுதிய வரிகளில் சிறுவனும் டயோஜெனிசும் மட்டுமே இருக்கிறார்கள்; ரோசா பார்வையாளர்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். சிறுவன் என்று சொல்லப்பட்டவனும் இவருடைய படத்தில் வளர்ந்த இளைஞனாகவே தெரிகிறான். பார்வையாளர்கள் வந்துவிட்டதால், தனக்குத்தானே சொல்லிக்கொண்ட ஓர் ஒப்புதல், பலர் முன்னிலையில் நடக்கும் ஒரு செயலாக மாறிவிடுகிறது. துறவு இங்கே மேடையேறுகிறது. அத்தனை பேரும் பார்க்கவும் பார்க்கப்படவும் கூடிய இடத்தில், எதையும் பார்க்காமல் இருப்பவன் அந்த இளைஞன் ஒருவன்தான். தான் ஒரு பாடம் நடத்திவிட்டதாக அவனுக்குத் தெரியாது. அவன் எதையும் துறக்கவும் இல்லை. அவனுக்குத் தாகம் எடுத்தது, ஓடை இருந்தது, கை இருந்தது, அவ்வளவுதான். ஏறக்குறைய அதே காலத்தில் நிக்கொலா பூசன் இதே கதையைத் தீட்டியபோது, இருவரையும் ஒரு பெரும் நிலக்காட்சிக்குள் சிறியவர்களாக வைத்துவிட்டார். பாரிஸ் லூவரில் இருக்கும் அந்த ஓவியத்தில் மரங்களும் நீரும் வானமுமே பேசுகின்றன. அழகு என்று பார்த்தால் பூசனுடையதுதான் சிறந்தது. மனிதர்களை அறிந்தவர் வரைந்தது எது என்று கேட்டால், நான் ரோசாவின் பக்கம் நிற்பேன்.

ரோசாவுக்கு மேடை புதிதல்ல. 1615இல் நேப்பிள்சுக்கு அருகில் பிறந்த அவர், ஓவியராக இருந்ததோடு நகைச்சுவை நாடகங்களில் நடித்தார், கேலிப் பாடல்கள் எழுதினார், 1640களில் புளோரன்சில் இருந்தபோது கவிஞர்களும் அறிஞர்களும் கூடும் ஒரு சபையையும் நடத்தினார். இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கும், அவருடைய தன்னுருவமாக நெடுங்காலம் கருதப்பட்டு வந்த ஓவியத்தில், இருண்ட வானத்தின் முன்னே முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பவரின் கையில் ஒரு பலகை இருக்கிறது. மௌனத்தைவிட மேலானதைச் சொல்வதானால் பேசு, இல்லாவிட்டால் பேசாதே என்ற பொருளுடைய இலத்தீன் வாசகம் அதில் எழுதப்பட்டிருக்கிறது. தான் செல்வம் சேர்க்க ஓவியம் தீட்டுவதில்லை, தன் மனநிறைவுக்காகவே தீட்டுகிறேன், உள்ளிருந்து வேகம் உந்தும்போது மட்டுமே தூரிகையை எடுப்பேன் என்று, 1666இல் மெசினா நகரத்துச் சேகரிப்பாளர் அந்தோனியோ றூபோவுக்கு அவர் எழுதினார். தத்துவவாதிகளின் படங்களில் ஆர்வம் கொண்டிருந்த இதே றூபோவுக்காகத்தான் றெம்பிரான்ட் 1653இல் அரிஸ்டோட்டிலைத் தீட்டிக் கொடுத்திருந்தார். பணத்தைக் கைவிட்டதாகச் சொன்ன ரோசா புகழைக் கைவிட்டதாக எங்கும் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு செப்புத் தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கான பிரதிகளை எடுக்கலாம். அவை அவருடைய பெயரோடு ஐரோப்பா எங்கும் போயின. கிண்ணத்தை எறிந்தவரின் படம் இவ்வாறு விற்பனைக்கு வந்தது.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை; ஓவியரும் சாப்பிட வேண்டும். அவருக்குள் உண்மையான ஏக்கமும் இருந்தது. 1662 மே மாதம் மலைவழியாகப் பயணம் செய்தபோது, தூரத்து மலைகளில் தெரிந்த துறவிகளின் குடில்களை எவ்வளவு ஆசையோடு பார்த்தேன் என்று நண்பர் ரிச்சார்டிக்கு எழுதியிருக்கிறார். பார்த்தார், ஏங்கினார், பிறகு ரோமாபுரிக்குத் திரும்பித் தகடுகளை அமிலத்தில் இறக்கினார். நம்மில் பெரும்பாலானோரின் துறவும் அந்த அளவில்தானே இருக்கிறது.

ஒரு சிறு விலகலை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ரோசா ஏழு வயதுப் பிள்ளையாக நேப்பிள்சில் இருந்த 1622இல்தான், இங்கே சுவாமி மலையில் இருந்த கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கேயர் இடித்தனர். அந்தக் கற்களையும் கொண்டு கோட்டையைக் கட்டினர். அப்பொழுது நேப்பிள்சும் போர்த்துக்கலும் ஸ்பெயினின் நான்காம் பிலிப்பு என்ற ஒரே மன்னரின் ஆட்சியில் இருந்தன. அதாவது, அந்த நேப்பிள்ஸ் சிறுவனும் இங்கே ஆலயத்தை இடித்த படையும் ஒரே முடிக்குக் கீழ்ப்பட்டவர்கள். 1639இல் ஒல்லாந்தர் வந்து இந்தக் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கோட்டை வாசலால் உள்ளே போய், மான்கள் படுத்திருக்கும் மரநிழலைத் தாண்டி ஆலயத்துக்கு ஏறும்போது, பரோக் என்ற சொல் எனக்கு இப்பொழுது அருங்காட்சியகத்துச் சொல்லாகப் படுவதில்லை.

தமிழில் இந்தக் கதைக்கு ஒரு கூடப்பிறந்த கதை உண்டு என்பது வாசகர்களுக்கு இதற்குள் நினைவுக்கு வந்திருக்கும். பட்டினத்தாரிடம் சீடராகச் சேர்ந்து அரசைத் துறந்த பத்திரகிரியார், திருவிடைமருதூர்க் கோயிலின் ஒரு வாசலில் திருவோட்டுடன் இருந்தார். அவர் பிச்சை எடுத்து வந்து குருவுக்குக் கொடுத்து, மிச்சத்தை உண்பார். அதில் பங்கு கேட்டு ஒரு நாய் கூடவே இருந்தது. ஒரு நாள் பிச்சைக்காரர் வடிவில் இறைவன் பட்டினத்தாரிடம் வந்து சோறு கேட்க, “என்னிடம் ஒன்றும் இல்லை, மற்ற வாசலில் ஒரு குடும்பஸ்தன் இருக்கிறான், அவனிடம் போய்க் கேள்” என்று அவர் அனுப்பிவிட்டார். அதைக் கேட்ட பத்திரகிரியார், இந்த ஓடும் நாயும் அல்லவா என்னைச் சம்சாரி ஆக்கிவிட்டன என்று திருவோட்டை எறிய, அது நாயின் தலையில் பட்டு நாய் இறந்துபோயிற்று.

கிண்ணம், எறிதல், நாய் ஆகிய மூன்றும் இரண்டு கதைகளிலும் இருக்கின்றன. டயோஜெனிசை ஏதென்ஸ் மக்கள் நாய் என்றே அழைத்தார்கள். அவருடைய வழியில் நடந்தவர்களைக் குறிக்கும் கிரேக்கப் பெயரும் நாய் என்ற சொல்லில் இருந்து பிறந்ததுதான். கொடுப்பவரிடம் வாலாட்டுகிறேன், கொடாதவரைப் பார்த்துக் குரைக்கிறேன், கெட்டவரைக் கடிக்கிறேன் என்று அவர் அந்தப் பெயரை உவந்து ஏற்றுக்கொண்டார். அவருடைய கல்லறைக்கு மேல் கொரிந்து நகரத்தார் தூண் ஒன்றை நாட்டி, அதன் உச்சியில் பளிங்கு நாய் ஒன்றை வைத்தார்களாம். அங்கே நாய் துறவியின் பெயர்; இங்கே நாய் துறவியின் உடைமை. அங்கே எறிந்த கிண்ணத்தால் எவருக்கும் காயம் இல்லை. இங்கே ஓர் உயிர் போய்விட்டது. சிறுவயதில் இந்தக் கதையைக் கேட்ட பொழுதெல்லாம் பெரியவர்கள் பத்திரகிரியாரின் ஞானத்தைப் பற்றிச் சொல்ல, நான் நாயைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். அந்த நாய் மறுபிறவியில் அரசகுமாரியாகப் பிறந்து, அவரைத் தேடி வந்து வீடுபேறு பெற்றது என்று கதை அதற்கும் வழி செய்திருப்பது ஓர் ஆறுதல். எனது கணிப்பில் தமிழ்க்கதைதான் கூடுதல் நேர்மையானது. எறிந்த பொருள் எங்காவது போய் விழும் என்பதை அது மறைக்கவில்லை.

பலகையில் குத்தியிருந்த படத்தைப் பல நாள் கடந்து போன அம்மா, ஒரு நாள் தேத்தண்ணியோடு வந்து நின்று, கதையைக் கேட்டார். சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “நல்ல கோப்பையை எறிஞ்சுபோட்டு நிக்கிறாரே. அந்தப் பொடியனிட்டக் குடுத்திருக்கலாம்தானே?” என்றார். எறிவது பற்றின்மைக்கு அடையாளம், கொடுத்தால் அது பண்டமாற்றைப் போல ஆகிவிடும் என்று நான் ஏதோ விளக்கப் போனேன். அம்மா அதை முழுவதும் கேட்க நிற்கவில்லை.

அம்மாவின் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து போன பின், நாங்கள் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்தோம். கிணறுகள் உவர்த்துவிட்டன. பின்னேரம் ஆனபோது உழவு இயந்திரம் ஒன்று தண்ணீர்த் தாங்கியை இழுத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் வந்துவிட்டது, அதை வாங்கப் பாத்திரம் ஒருவரிடமும் இல்லை. குழாயைத் திறந்துவிட, பிள்ளைகளும் பெரியவர்களும் ஒருவர் பின் ஒருவராகக் கையைக் குவித்துக் குனிந்து குடித்தார்கள். ரோசாவின் இளைஞனைப் போல அத்தனை பேர் ஒரே வரிசையில் நின்றோம். எங்களைப் பார்த்து எவரும் எளிமையைக் கற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அம்மம்மா மட்டும் குடிக்கவில்லை. அவருக்கு முழங்கால் மடிக்க முடியாது. வரிசைக்கு வர நடக்கவும் முடியாது. ஒரு மாமரத்தின் கீழே இருத்தி வைத்திருந்தோம். நானும் அம்மாவும் மாறி மாறிக் கையில் தண்ணீர் ஏந்திக்கொண்டு அவரிடம் ஓடினோம். போய்ச் சேரும்போது கையில் ஒரு மிடறுகூட மிஞ்சவில்லை. மிஞ்சியதையும் அவர் வாங்க மறுத்துவிட்டார். வாழ்நாள் முழுவதும் மூக்குப்பேணியை உயர்த்தி, உதடு படாமல் அண்ணாந்து குடித்துப் பழகியவர் அவர். “ஏதனத்தில தாங்க, குடிக்கிறன்” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அதைப் பிடிவாதம் என்று அப்பொழுது நான் கோபித்தேன். கடைசியில் யாரோ ஒரு பெண் பாடசாலைச் சமையலறைப் பின்புறத்தில் தேடி, ஒரு பாதிச் சிரட்டையைக் கழுவி எடுத்து வந்தார். அம்மம்மா அதை இரண்டு கைகளாலும் வாங்கி, ஒரு கணம் பார்த்துவிட்டு, அண்ணாந்து குடித்தார். பிறகு அந்தச் சிரட்டை இரவு முழுவதும் கைமாறிக்கொண்டே இருந்தது. நடக்க முடியாதவர்களுக்கும் படுத்திருந்தவர்களுக்கும் அதில்தான் தண்ணீர் போயிற்று. சில நாட்களின் பின் நிவாரணப் பொதிகளில் பிளாஸ்ரிக் வாளியும் கோப்பைகளும் வந்தன. அவை வந்த பின்பும் அம்மம்மா சிரட்டையைத் தலைமாட்டில் வைத்திருந்தார்.

டயோஜெனிசைக் குறைத்து மதிப்பிட நான் இதைச் சொல்லவில்லை. அலெக்சாந்தர் முன்னால் வந்து நின்று வேண்டியதைக் கேள் என்றபோது, என் மேல் விழும் வெயிலை மறைக்காதே என்று சொன்ன மனிதரை யாரால் மதிக்காமல் இருக்க முடியும்? ரோசா அந்தக் காட்சியையும் இதே வரிசையில் தகட்டில் வரைந்திருக்கிறார். ஆனால் டயோஜெனிஸ் தனியாள். தாகித்தவர், குடித்தவர், குடித்து முடித்தவர் எல்லாம் அவர் ஒருவரே. ஓடையருகே நடந்துபோகக்கூடிய கால்கள் அவருக்கு இருந்தன. இன்னொருவருக்கு நீர் கொண்டுபோக வேண்டிய தேவை அந்தக் கதையில் எங்கும் வரவில்லை; வந்திருந்தால் கிண்ணம் பைக்குள்ளேயே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். உள்ளங்கையையே உண்கலமாகக் கொண்ட கரபாத்திரத் துறவிகள் நம் நாடுகளிலும் இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய கைக்குள் சோற்றை இடுவதற்கு எதிரே ஒருவர் பாத்திரத்தோடு நிற்க வேண்டியிருந்தது.

பிரதியை முடித்து எட்டாம் வகுப்புக்குக் கொண்டுபோனேன். கோடுகளின் சாய்வைப் பற்றியும், தொடாமல் விட்ட தாள் எவ்வாறு நீராகத் தெரிகிறது என்பதைப் பற்றியும் சொன்ன பிறகு, படத்தில் யாரை வரைய விருப்பம் என்று கேட்டேன். பெரும்பாலான பிள்ளைகள் தாடியை வரைந்தார்கள், தாடி இலகு. முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி கிண்ணத்தை மட்டும் தாள் நிறைய வரைந்து, அதற்குள் தண்ணீரும் வரைந்திருந்தாள். எறிந்த கிண்ணத்தில் தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டேன். “மழை பெய்ஞ்சிருக்கும், சேர்” என்றாள்.

எனது பிரதியில் அந்த இளைஞனின் கை இன்னும் சரிவரவில்லை. மருமகனைப் பார்த்துத் திருத்திய கையில் நீர் இப்பொழுது நிற்கிறது. ஆனால் சுண்டுவிரல் பக்கத்து நிழல் கருத்துப்போய், ஆறாவது விரலைப் போலத் தெரிகிறது. மைப்பேனாவுக்கு இன்னும் மெல்லிய முனை ஒன்று கொழும்பில் இருந்து வர வேண்டியிருக்கிறது. வந்ததும் அந்தக் கையை மட்டும் வேறொரு தாளில், இருந்த அளவைப் போல மூன்று மடங்கு பெரிதாக வரைந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன்.